இத்தாலிய மொழி வழியில் மருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "இத்தாலியில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸ் குறைவாமே, பையனை அனுப்பலாமா?" என்று ஒரு அப்பா. "அக்கா, இத்தாலியன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று ஒரு பெண். நான் வட இத்தாலியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய வழியில் ஆறு வருடம் மருத்துவம் படித்து முடித்தவள். இப்போது இங்கேயே நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் கேள்வியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மற்றவை உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படித்து முடித்து இந்தியாவுக்குத் திரும்பி டாக்டராக வேலை பார்க்கலாமா?

இப்போதுள்ள விதிப்படி முடியாது. இதை யாரும் உங்களிடம் சுற்றி வளைத்துச் சொல்ல விடாதீர்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகள்தான் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குப் பொருந்தும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். படித்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இந்தியா வந்தபின் தகுதித் தேர்வும், இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப்பும் உண்டு. இவற்றோடு, பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. இத்தாலிய வழிப் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. "அங்கே போய் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். ஆங்கில வழி வேறு படிப்பு, அதற்கு வேறு தேர்வு, வேறு இடங்கள். ஆங்கில வழியில் சேர்ந்தவர்களுக்கும் அந்த 12 மாத இன்டர்ன்ஷிப் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. இத்தாலியில் வார்டு பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நான் கிளம்பியது 2016-இல், இந்த விதிகளுக்கு முன்பு. என் அப்பாவுக்கு நான் ஊரிலேயே ஒரு கிளினிக் வைக்க வேண்டும் என்ற ஆசை கடைசி வரை இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இத்தாலிய வழியில் மருத்துவம் படிப்பது என்றால் இத்தாலிய நோயாளிகளுக்கு டாக்டராகப் போகிறோம் என்று முடிவெடுப்பது. அந்த முடிவில் தெளிவு இருந்தால் இது மிக நல்ல படிப்பு. குறைந்த செலவில் எம்.பி.பி.எஸ். என்று நினைத்து வந்தால், ஆறு வருடம் கழித்து வெறும் கையோடு நிற்க வேண்டியிருக்கும்.

இலங்கைக்குத் திரும்புவதாக இருந்தால்?

வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு இலங்கை மருத்துவச் சபை தனித் தேர்வு வைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகங்களை அது ஏற்கிறது என்பதைச் சேருவதற்கு முன்பே சபையிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பலெர்மோவில் இருக்கிறோம். பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுக்கும் தனி ஒதுக்கீடு, மொழிச் சான்றிதழ் இதெல்லாம் உண்டா?

பெரும்பாலானவை இல்லை. இத்தாலியில் முறையாக வசிப்பவர்கள், குடியுரிமை இல்லாவிட்டாலும், ஐரோப்பிய மாணவர்களோடு ஒரே பட்டியலில் போட்டியிடலாம். வெளிநாட்டிலிருந்து விசாவில் வருகிறவர்களுக்குத்தான் தனி ஒதுக்கீடு. இங்கே 'மத்தூரித்தா' என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளைக்கு மொழிச் சான்றிதழும் தேவையில்லை. பலெர்மோ, நாப்போலி பக்கம் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல வருடங்களாக இருக்கின்றன. அந்தப் பெற்றோர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் பிள்ளைக்கு இத்தாலியன் தாய்மொழி மாதிரி. ஊரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வருடம் போராடிப் பெறுவது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. "நம்மால் முடியுமா" என்று தயங்கி வேறு படிப்புக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நீட் மாதிரி நுழைவுத் தேர்வு உண்டா?

முன்பு இருந்தது. நான் எழுதியது ஒரே நாளில் நாடு முழுவதும் நடந்த தேர்வு. 2025-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அரசுப் பல்கலைக்கழகங்களின் இத்தாலிய வழிப் படிப்புக்கு முதலில் 'செமெஸ்த்ரே ஃபில்த்ரோ' என்று ஒரு வடிகட்டும் பருவம். விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்து சில மாதம் வகுப்புக்குப் போகிறார்கள். வேதியியல், இயற்பியல், உயிரியல் என மூன்று பாடம். முடிவில் மூன்றுக்கும் நாடு முழுவதும் ஒரே நாளில் தேர்வு. 2025-இல் ஒவ்வொரு தாளிலும் 31 கேள்வி, 45 நிமிடம். முதல் முறை 2025 நவம்பர் 20, டிசம்பர் 10 என்று இரண்டு வாய்ப்பு கொடுத்தார்கள். இயற்பியல் தாளில் பெரும்பாலோர் தடுக்கி விழுந்தார்கள், பெரிய சர்ச்சை ஆனது.

மதிப்பெண் தரவரிசையில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான் இரண்டாம் பருவம். கிடைக்காதவர்கள், பதிவின்போதே தேர்ந்தெடுத்து வைத்த உயிரியல், பார்மசி போன்ற இணைப் படிப்புக்குப் போகலாம். விசாவில் வரும் மாணவருக்கு இது யோசிக்க வேண்டிய இடம். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள்.

ஆங்கில வழிக்கு 'ஐமேட்' என்ற தனித் தேர்வு. தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பாமல், அமைச்சகம் அந்த வருடம் வெளியிடும் அறிவிப்பைப் படியுங்கள்.

இத்தாலியன் எவ்வளவு தெரிய வேண்டும்?

காகிதத்தில் கேட்பது பி2, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு நிலைகளில் நான்காவது. சியெனா பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெரூஜாவின் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளீதா ஆகிய சான்றிதழ்கள் செல்லும். இல்லையென்றால் பல்கலைக்கழகமே ஒரு மொழித் தேர்வு வைக்கும்.

பி2 இருந்தால் வகுப்பில் உட்காரலாம். ஆனால் பேராசிரியர் வேகமாகப் பேசும்போது முதல் மாதம் பாதிதான் காதில் விழும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு முழு நாள் கல்லீரல் பற்றிய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, மாலையில்தான் 'ஃபேகத்தோ' என்றால் கல்லீரல் என்று கண்டுபிடித்தேன். பெயர்ச்சொல் ஒன்றாகவும் பெயரடை வேறாகவும் இருப்பது இந்த மொழியின் வழக்கம். கல்லீரல் ஃபேகத்தோ, ஆனால் கல்லீரல் தமனிக்கு 'எபாத்திக்கா'. மண்ணீரல் 'மில்த்சா', அதன் தமனி 'ஸ்ப்ளேனிக்கா'. பெயரடைகள் கிரேக்க, லத்தீன் வேர் என்பதால் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குப் பிடிபடும். அன்றாடப் பெயர்களைத்தான் உட்கார்ந்து உருப்போட வேண்டும். நோயாளி பேசுவது அந்தப் பெயர்களைத்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. இத்தாலியனில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றும். 'ஆன்னோ' என்றால் வருடம். 'ஆனோ' என்றால் ஆசனவாய். வயதைக் கேட்கும்போது இதில் தவறினால் நோயாளி முகம் மாறிவிடும். மற்ற நாட்டு மாணவர்கள் பலர் இதில் வருடக்கணக்கில் தடுமாறுவார்கள். நாம் கனம், கன்னம் என்று பிரித்துப் பேசியே வளர்ந்தவர்கள், முதல் வாரமே நமக்கு வந்துவிடும்.

பாதகம் ஒன்றும் உண்டு, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடும். 'பந்து' என்று எழுதியதை யாரும் அழுத்தி 'த்' போட்டுச் சொல்வதில்லை. இத்தாலியனில் எவ்வளவு என்பதற்கும் எப்போது என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடே அந்த ஓர் ஒலிதான். தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ'. எவ்வளவுக்கு அழுத்தமான த, எப்போதுக்கு மென்மையான த. வலி எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்க, நோயாளி "செவ்வாய்க்கிழமையிலிருந்து" என்று பதில் சொன்னார். மூன்றாம் வருடம் நடந்தது இது. அதன்பிறகு தினமும் கண்ணாடி முன் நின்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பழகினேன். தொண்டையும் அப்படித்தான், 'கோலா' என்பதன் முதல் எழுத்து 'கோவிந்தா'வில் பேச்சில் வரும் மெல்லிய க.

அப்புறம் மரியாதை. நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதைப் போல அவர்களுக்கு 'தூ', 'லேய்'. நோயாளியிடமும் பேராசிரியரிடமும் எப்போதும் லேய்தான். அதற்கு வினைச்சொல் படர்க்கையில் வரும். பழகும் வரை விசித்திரமாக இருக்கும், பழகியபின் விடாது.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

யூனிவர்சிட்டாலி தளத்தில் முன்பதிவு, பிறகு விசா. பள்ளிச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு, அதோடு தூதரகம் தரும் மதிப்பு அறிவிப்பு அல்லது சிமேயா என்ற அமைப்பின் சான்று. 12 வருடப் பள்ளிப்படிப்பு கேட்பார்கள், பிளஸ் டூ போதும். சான்றிதழ், பாஸ்போர்ட் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியலை ஒன்றில் விரித்தும் மற்றொன்றில் சுருக்கியும் எழுதியிருந்தால் இங்கே ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இத்தாலியர்களுக்கு இனிஷியல் என்பதே புரியாது.

வந்து இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் 'கிட்' என்ற உறையை வாங்கி நிரப்பி, 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை தபால் ரசீதுதான் உங்கள் உயிர். நான் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தேன்.

செலவு எவ்வளவு?

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். அந்தக் கணக்குக்கு 'இசே' என்று பெயர். இசே 22,000 யூரோவுக்குள் இருந்தால் பொதுவாகப் படிப்புக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் குடும்பம் உள்ளவர்களுக்கு இசே பரிஃபிக்காத்தோ என்று ஒன்று உண்டு. அதற்கு அப்பா அம்மாவின் வருமானச் சான்று, சொத்து விவரம் எல்லாம் முத்திரையோடும் மொழிபெயர்ப்போடும் ஊரிலிருந்து கொண்டு வர வேண்டும். இங்கே வந்தபிறகு கொரியரில் வரவழைத்தால் கெடு தாண்டிவிடும், பலருக்கு உதவித்தொகை கைவிட்டுப் போவது இதனால்தான். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு, நாட்டைப் பொறுத்து, ஒரே தொகையாக நிர்ணயிக்கின்றன.

உதவித்தொகையை மாநில அமைப்புகள் தருகின்றன. லாத்சியோவில் லாத்சியோ திஸ்கோ, பியெமோந்தேயில் எதிசு, எமிலியா-ரொமாஞ்யாவில் எர்கோ. கட்டண விலக்கு, பணம், மானிய விலைச் சாப்பாடு, சில இடத்தில் விடுதி அறையும் கிடைக்கும். முதல் வருடம் ஆகஸ்ட் 10-க்குள் 20 கிரெடிட் முடித்தால்தான் இரண்டாம் தவணை. நவம்பர் இறுதிக்குள்ளும் முடிக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மருத்துவக் காப்பீடாக அரசு சுகாதார சேவையில் சேர மாணவருக்கு வருடம் 700 யூரோ. 2024-க்கு முன் 150 யூரோவுக்குள் இருந்தது, பழைய பதிவுகளைப் படித்து ஏமாறாதீர்கள். வாடகைதான் பெரிய சுமை. மிலானோ, பொலோஞ்யாவில் ஓர் அறை கிடைப்பதே பாடு. பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் சட்டப்படி செய்யலாம். மருத்துவத்தில் முதல் இரண்டு வருடம் வேண்டாம்.

வகுப்பு எப்படி நடக்கும்?

பெரிய அரங்கம், நூற்றுக்கு மேல் மாணவர்கள். ஒன்பது மணி வகுப்பு ஒன்பதே காலுக்குத் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்கு 'கல்விக் கால்மணி' என்று மரியாதையாகப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'ஸ்போபினா'. வகுப்பை ஒலிப்பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதி, சரிபார்த்து, எல்லோருக்கும் அனுப்பும் குறிப்பு அது. பழைய நாடா ரீலுக்கு 'பொபினா' என்று பெயர், அதிலிருந்து வந்தது. மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு எழுதுவார்கள். ஒரு வகுப்பு எழுதிக் கொடுத்தால் வருடம் முழுவதும் மற்றவர்கள் எழுதியது கிடைக்கும். மொழி சரியாகத் தெரியாத எனக்கு எதற்கு என்று நான் முதல் பருவம் ஒதுங்கியே இருந்தேன். ஒரு தோழி கட்டாயப்படுத்தி என் பெயரையும் சேர்த்தாள். ஒரு மணி நேர வகுப்பை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. பத்து பத்து விநாடியாகத் திரும்பக் கேட்டு எழுதினேன். அவள் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாள், முதல் பக்கத்தில் வெள்ளையைவிடச் சிவப்புதான் அதிகம். எந்த மொழி வகுப்பும் கொடுக்காததை அந்தச் சிவப்புப் பக்கங்கள் எனக்குக் கொடுத்தன. வந்த முதல் வாரமே அந்தக் குழுவில் சேருங்கள்.

தேர்வுகள் எழுத்தில்தானே?

நம் ஊர் மாணவர்கள் அதிகம் பயப்படுவதும், அதிகம் தயாராகாமல் வருவதும் இங்கேதான். பாதிக்கு மேல் வாய்மொழித் தேர்வுகள். எம்.பி.பி.எஸ்.ஸில் வைவா ஒரு பகுதி. இங்கே பல பாடங்களுக்கு அதுதான் தேர்வே.

பேராசிரியர் மேசைக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். "உட்காருங்கள். கல்லீரலைப் பற்றிச் சொல்லுங்கள்." அவ்வளவுதான் கேள்வி. எங்கே இருக்கிறது, எதை ஒட்டி இருக்கிறது, ரத்தம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று நீங்களாகவே வரிசைப்படுத்திப் பேச வேண்டும். பின்னால் நாற்காலிகளில் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், யாரிடம் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்வார்கள். தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது இங்கே விதி.

என் உடற்கூறியல் தேர்வில் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் தள்ளிவைத்து "வரையுங்கள்" என்றார். வரையத் தொடங்கியதும் வார்த்தை வந்தது. அன்றிலிருந்து எந்தப் பாடத்தையும் சத்தமாக, சுவரைப் பார்த்து, படம் போட்டுக்கொண்டே படித்தேன். பக்கத்து அறைப் பெண்ணுக்கு என் சிறுநீரகப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

மதிப்பெண் 30-க்கு. 18 எடுத்தால் பாஸ், சிறப்பாகச் செய்தால் 30-உடன் 'லோதே'. 22 போடுகிறேன் என்று பேராசிரியர் சொன்னால் "வேண்டாம், அடுத்த முறை வருகிறேன்" என்று மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மறுத்துக்கொண்டே போனால் வருடங்கள் நழுவிவிடும். மொழி பிடிபடாத முதல் வருடத்தில் 22 கிடைத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபெயில் ஆனால்?

குளிர்காலம், கோடை, செப்டம்பர் என்று தேர்வுக் காலங்கள் உண்டு, திரும்ப எழுதலாம். ஆறு வருடம் தாண்டினால் 'ஃபுவோரி கோர்சோ'. இத்தாலியர்களில் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள், அதை அவமானமாகப் பார்ப்பதில்லை. நமக்கு மட்டும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது: தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முதல் வருடம் குறைந்தது ஒரு தேர்வு, அடுத்தடுத்த வருடங்களில் குறைந்தது இரண்டு தேர்வு தேறியிருக்க வேண்டும்.

கையால் செய்யும் பயிற்சி போதுமான அளவு கிடைக்குமா?

இந்திய அரசுக் கல்லூரியில் படித்த தோழிகளோடு ஒப்பிட்டால் குறைவு. அவர்கள் இன்டர்ன்ஷிப்பில் இருபது பிரசவம் பார்த்த நாளில் நான் புத்தகத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிண அறுப்பும் குறைவு. உடல் தானத்துக்கான சட்டமே 2020-இல்தான் வந்தது. கை பழகுவது தாமதமாகும், கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வார்டில் ஓரமாக நிற்காமல் "நான் ரத்தம் எடுக்கட்டுமா?" என்று கேட்கிற மாணவருக்குக் கிடைக்கும்.

நோயை யோசிக்கும் முறையை இங்கே நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். நான் படித்த ஊர்ப் பக்கம் அது பழைய மரபு. பாதுவாவில் 1595-இல் கட்டிய உடற்கூறு அரங்கம் இன்னும் நிற்கிறது. புனல் மாதிரி, அடுக்கடுக்கான மர வளையங்கள், நடுவே பிணம் கிடத்தும் மேசை. ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி 1602-இல் அங்கே பட்டம் வாங்கியவர். நம் விலங்கியல் புத்தகத்தில் மால்பிஜி என்று படித்தோமே, அவர் பொலோஞ்யாக்காரர். இங்கே 'மல்பீகி' என்பார்கள், அந்த ஊரின் பெரிய மருத்துவமனை அவர் பெயரையும் சுமக்கிறது. கோல்கி பவீயாவில் இருந்தவர். ஃபலோப்பியோ பாதுவாவில் பாடம் எடுத்தவர். பிளஸ் டூவில் உருப்போட்ட பெயர்கள் தெருப் பலகையில் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

பட்டம் வாங்கிய பிறகு?

2020-இலிருந்து தனியாக உரிமத் தேர்வு இல்லை. படிப்புக்குள்ளேயே மூன்று மாத மதிப்பீட்டுப் பயிற்சி: ஒரு மாதம் மருத்துவம், ஒரு மாதம் அறுவை, ஒரு மாதம் குடும்ப மருத்துவர் ஒருவரிடம். அதில் தேறி, ஆய்வேட்டை முடித்தால் பட்டமே உரிமம். மருத்துவர் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். நிபுணத்துவத்துக்கு நாடு தழுவிய தேர்வு, 140 கேள்வி. இடம் கிடைத்தால் நான்கு அல்லது ஐந்து வருடம், சம்பளத்தோடு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் தானாக ஏற்கும் விதி ஐரோப்பியக் குடிமக்களை வைத்து எழுதியது. நம் பாஸ்போர்ட்டோடு போகும்போது அந்தந்த நாட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனிக்குப் போனால் ஜெர்மன் கற்க வேண்டும், சந்தேகமில்லை.

இவ்வளவு மொழி படித்தபிறகாவது நோயாளி பேசுவது முழுதாகப் புரியுமா?

வயதானவர்கள் வட்டார மொழி பேசுவார்கள். நாப்போலியில் தலைக்கு 'காபா'. எங்கள் வெனெத்தோ பக்கம் வயிற்றுக்கு 'பான்சா', பாடப்புத்தகத்தில் 'பாஞ்சா'. ஐந்தாம் வருடம், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு "கோ மல் தே பான்சா" என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகத் திரும்பச் சொன்னார். நானும் அவர் சொன்ன மாதிரியே, பான்சாவில் எங்கே என்று கேட்டேன். படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து, என்னை ஓரத்தில் உட்காரச் சொன்னார். மூன்று நாளாக டாக்டர்களிடம் சொல்லாத ஒன்றை, மலத்தில் ரத்தம் போவதை, அப்போதுதான் சொன்னார்.